சண்டை விளையாட்டிலிருந்து வெண்திரைக்கு: ஓர் அனிமேஷன் மரபும் அதன் தரங்களும்

சண்டை விளையாட்டுக்குக் கதை தேவையில்லை. இரண்டு பேர், ஒரு களம், மேலே இரண்டு உயிர்க்கோடுகள், நடுவில் குறைந்துகொண்டே வரும் நொடிகள். யார் யாரோடு எதற்காக மோதுகிறார்கள் என்பதெல்லாம் ஆட்டம் முடிந்தபின் வரும் நாலு வரி வசனத்தில் அடங்கிவிடும். 1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டை வெளியிட்டபோது, ஆர்கேட் கூடங்களில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றது கதை கேட்க அல்ல. எட்டு வீரர்களில் மனதுக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய குத்தையும் உதையையும் தன் விரல்களுக்குப் பழக்கிக்கொள்ளும் சுகம்தான் அவர்களை இழுத்தது.

அந்த விளையாட்டுகளில் குணச்சித்திரம் இல்லை என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. அது வசனத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது. ரியூ கால்களை அகட்டி ஊன்றி நிற்கும் விதம், சுன்-லி நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்கும் விதம், சகாட் தன் உயரத்தைச் சுமந்து நிற்கும் விதம் எல்லாமே ஒரு சொல்கூட இல்லாமல் ஆளைச் சொல்லிவிடுகின்றன. இந்த விளையாட்டுகளிலிருந்து பிறந்த அனிமேஷன் படங்களை அளக்க என்னிடம் இருக்கும் முதல் கோல் இதுதான்: முகத்தை மறைத்துவிட்டாலும் அடிக்கும் விதத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடிகிறதா? இரண்டாவது கோலும் ஒன்று உண்டு. ஒரு சண்டை முடிந்ததும் கதையில் ஏதாவது மாறியிருக்கிறதா? இந்த இரண்டிலும் தேறிய படங்கள் மிகக் குறைவு.

முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இந்த மரபில் மூன்று போக்குகள் தெரிகின்றன. விளையாட்டில் உள்ள அத்தனை பேரையும் திரையில் அணிவகுப்பாகக் கொண்டுவருவது ஒன்று. ஒருவனைப் பிடித்துக்கொண்டு அவன் கதையை மட்டும் சொல்வது இன்னொன்று. புதிய விளையாட்டு ஒன்றின் விற்பனைக்குத் துணையாகப் படமெடுப்பது மூன்றாவது.

முதல் போக்கின் உச்சம் 1994 ஆகஸ்டில் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: தி அனிமேட்டட் மூவி’. இயக்கியவர் கிசாபுரோ சுகி. அடிதடிப் படங்களால் பெயர் பெற்றவர் அல்லர் அவர். 1985இல் கென்ஜி மியாசாவாவின் ‘விண்மீன் ரயிலில் ஓர் இரவு’ கதையையும், 1987இல் பழைய ஜப்பானிய இலக்கியமான கெஞ்சியின் கதையையும் அனிமேஷன் ஆக்கியவர். அமைதியையும் வெற்றிடத்தையும் திரையில் நிறுத்தத் தெரிந்தவர். இந்தப் படத்தின் பலத்தில் பாதி அந்தத் தேர்விலேயே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடக்கக் காட்சியைப் பாருங்கள். இரவு, இடி மின்னல், காற்றில் புரளும் புல்வெளி. ரியூவும் சகாட்டும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஏன் இந்தச் சண்டை என்று யாரும் விளக்குவதில்லை. சகாட்டின் ஒவ்வோர் உதைக்கும் கனம் இருக்கிறது. ரியூ வாங்கும் அடி நமக்கும் வலிக்கிறது. ரியூவின் ஷோரியூகென் குத்து சகாட்டின் மார்பைக் கிழிக்கிறது. விளையாட்டில் சகாட்டின் மார்பில் நாம் பார்த்துப் பழகிய அந்த நீண்ட தழும்பு பிறந்த கதையை ஒரு வரி வசனமும் இல்லாமல் படம் சொல்லி முடித்துவிடுகிறது. பின்னால் வரும் சண்டைகளுக்கெல்லாம் தரம் இங்கேயே வகுக்கப்பட்டுவிடுகிறது. சண்டை அமைப்புக்குக் கராத்தே ஆசான் கசுயோஷி இஷியும் கிக்பாக்சிங் வீரர் ஆண்டி ஹூக்கும் ஆலோசனை தந்தார்கள். அதன் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது, இடுப்பு திரும்பியபின்தான் கை வருகிறது, அடி வாங்கியவனின் உடம்பு அந்த அடிக்கேற்பச் சரிகிறது.

வில்லன் பைசன் உலகெங்கும் வீரர்களை வேவு பார்க்கக் கண்காணிப்பு சைபார்க்குகளை அனுப்புகிறான். அவற்றின் கண் வழியே சண்டைகளை நாம் பார்க்கிறோம்; திரையில் எண்கள் ஓடுகின்றன, வீரனின் வலிமை அளக்கப்படுகிறது. விளையாடுபவனின் இருக்கையிலேயே படம் நம்மை உட்கார வைத்துவிடும் உத்தி இது. பதினாறு வீரர்களை உலகின் வெவ்வேறு மூலைகளில் காட்டுவதற்கும் இதுவே சாக்காகிறது. இந்த உத்தியைக் கேப்காமும் விடவில்லை. பார்ப்பவரே சைபார்க்காகி வீரர்களை ஆராயும்படி, இந்தப் படத்தின் காட்சிகளை வைத்தே 1995இல் ஒரு விளையாட்டை வெளியிட்டது.

படத்தின் நடுவில் வரும் சுன்-லி, வேகா சண்டையைப் பற்றி நிறையவே பேச வேண்டும். இரவில் தன் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெண் போலீஸ் அதிகாரி. ஜன்னல் வழியாக நுழையும் கொலைகாரன், கையில் நீண்ட நகக் கத்தி, முகத்தில் முகமூடி. விளையாட்டில் இருவரும் வேகமானவர்கள்தாம். ஆனால் இரண்டு வேகமும் ஒன்றல்ல. அவனுடையது இரையைச் சீண்டிச் சீண்டிப் பார்க்கும் வேகம். அவளுடையது உயிர் பிழைக்க வேண்டியவளின் வேகம். குறுகிய அறை என்பதால் துள்ள இடமில்லை. சோபாவும் சுவரும் சண்டைக்குள் வந்துவிடுகின்றன. அவள் களைக்கிறாள், ரத்தம் சிந்துகிறாள், பயப்படுகிறாள், பிறகு அந்தப் பயம் கோபமாகிறது. கடைசி உதையில் அவன் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே விழும்போது பார்ப்பவரும் மூச்சை விடுகிறார். நான் சொன்ன இரண்டு கோல்களாலும் அளந்து பார்த்தால், இந்த மரபு முழுவதிலும் இதற்கு இணையான இன்னொரு சண்டை இல்லை.

இதே காட்சிதான் படத்தின் பெரிய குறையையும் காட்டிக்கொடுக்கிறது. சண்டைக்கு முன்னால் சுன்-லி குளிப்பதைக் கேமரா தேவையில்லாமல் மேய்கிறது. கதைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பல வெளியீடுகளில் அதை வெட்டினார்கள், வெட்டியதால் படம் எதையும் இழக்கவில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது அடுத்து நடப்பது. இவ்வளவு பெரிய சண்டையை வென்றவளை மருத்துவமனைப் படுக்கையில் கிடத்திவிட்டுக் கதை அவளை மறந்துவிடுகிறது. தந்தையைக் கொன்ற பைசனைப் பழிவாங்க வந்தவள், பைசனை நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை.

அணிவகுப்புப் போக்கின் நோயும் இங்கே வெளிப்படுகிறது. பதினாறு பேருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் பிளாங்காவும் ஜங்கீஃபும் ஒரு காட்சிச் சண்டையோடு சரி. லண்டனில் அமைச்சரைக் கொல்லும் கேமி, அவ்வளவு மிரட்டலாகத் தொடங்கிய பின் காணாமலே போகிறாள். நம் நாட்டைச் சேர்ந்தவராக விளையாட்டில் வரும் தால்சிம்மை இந்தியாவில் ஹோண்டாவோடு மோதவிடுகிறார்கள். கழுத்தில் மண்டை ஓடுகள், ரப்பராய் நீளும் கைகால்கள், யோகா என்றால் வாயில் நெருப்பு என்ற விளையாட்டின் மேலோட்டமான பார்வையைப் படமும் அப்படியே எடுத்துக்கொண்டது. சுகி போன்ற நிதானமான கலைஞர் கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த மனிதருக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.

நாயகன் ரியூவோ படத்தில் பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கிறான், பேச்சும் குறைவு. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. பைசனால் பிடிக்க முடியாத ஒரே ஆள் அவன். அவன் கிடைக்காததால்தான் அவனுடைய நண்பன் கென்னைப் பிடித்து மூளைச்சலவை செய்கிறான் பைசன். பயிற்சிக் காலத்தில் கென் தன் தலைமுடியைக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை ரியூவுக்குக் கொடுத்தான் என்பதைப் படம் இடையில் காட்டிவிடுகிறது. அதனால் இறுதியில் நண்பனே எதிரியாக வந்து அடிக்கும்போது ரியூ திருப்பி அடிக்க மறுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. சண்டைப் படத்தில் அடிக்காமல் இருப்பதை வைத்து உச்சக்கட்டம் அமைக்கத் துணிவு வேண்டும். அந்த நாடா பின்னால் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா’ விளையாட்டுகளின் கதையிலும் இடம் பிடித்தது. ரியூவும் கென்னும் சேர்ந்து பைசனோடு மோதும் ஆட்டமும் இந்தப் படத்தின் முடிவிலிருந்தே அங்கே போனது. விளையாட்டிலிருந்து பிறந்த படம் விளையாட்டுக்கே திருப்பிக் கொடுத்தது அபூர்வமான நிகழ்ச்சி.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெட்சுயா கொமுரோவின் இசையில் ரியோகோ ஷினோஹாரா பாடிய பாடல் ஜப்பானில் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆங்கில வெளியீட்டில் அந்த இசையை நீக்கிவிட்டு அக்கால ராக் குழுக்களின் பாடல்களைச் செருகினார்கள். அது தனக்கென ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது உண்மை. ஆனாலும் சுகி விட்டுவைத்த மௌனங்கள் பல அதில் நிரம்பிப்போயின.

இரண்டாவது போக்குக்கு எஸ்என்கே நிறுவனத்தின் ‘ஃபேட்டல் ஃபியூரி’ தொடக்கம். 1992இலும் 1993இலும் ஜப்பானியத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட இரண்டு சிறப்புப் படங்கள் அவை. செலவு குறைவு, அனிமேஷன் பல இடங்களில் சாதாரணம். ஆனாலும் இரண்டாவது படத்தில் நாயகன் டெர்ரி போகார்ட் க்ரவுசர் என்ற எதிரியிடம் தோற்று, மனமுடைந்து, குடியில் விழுகிறான். அவனை நம்பி ஒரு சிறுவன் பின்னாலேயே வருகிறான். தோல்வி ஒரு வீரனை என்ன செய்யும் என்ற கேள்வியை இந்த மரபில் இவ்வளவு நேராகக் கேட்ட படம் வேறில்லை. 1994இல் மசாமி ஒபாரியின் இயக்கத்தில் அதே வரிசை திரையரங்குக்குப் போனது. பளபளப்பான ஓவியம், கூரிய கோணங்கள், பிரமாதமான வண்ணங்கள். கதையோ செவ்வாய்க் கடவுளின் கவசத்துண்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறது. பெண்களின் உடலைக் காட்டுவதில் ஒபாரிக்கு இருந்த ஆர்வமும் படத்தைக் கெடுத்தது. எளிய தொலைக்காட்சிப் படத்தில் இருந்த மனித வலி இந்தப் பெரிய படத்தில் கரைந்துபோனது.

1998இல் வந்த ‘டெக்கன்’ அனிமேஷனைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தந்தையால் மலை உச்சியிலிருந்து எறியப்பட்ட கசுயா என்ற அருமையான கரு கையில் இருந்தும், சுமார் ஒரு மணி நேரத்தில் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். இருக்கும் நேரத்திலும் போட்டியின் சுவை இல்லை.

ஒருவன் கதையை மட்டும் சொல்லும் போக்கு மறுபடி உயிர் பெற்றது அமெரிக்காவில். வார்னர் பிரதர்ஸ் 2020இல் வெளியிட்ட ‘மோர்ட்டல் காம்பாட் லெஜண்ட்ஸ்: ஸ்கார்பியன்ஸ் ரிவெஞ்ச்’ ஹான்சோ ஹசாஷி என்ற தகப்பனின் கதை. மகனோடு அவன் இருக்கும் அமைதியான தொடக்கம், பிறகு ஊரே அழியும் கொடுமை. மனைவியையும் பிள்ளையையும் இழந்தவன் நரகத்திலிருந்து எழுந்துவரும்போது அவன் வீசும் ஈட்டிக்குக் காரணம் இருக்கிறது. எலும்பு முறிவதை உடம்புக்குள்ளிருந்தே காட்டும் 2011 விளையாட்டின் உத்தியைப் படம் அப்படியே எடுத்துக்கொண்டது. ரத்தம் மிக அதிகம். பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாம். பெரியவர்களிலும் பலருக்கு அந்த வன்முறை மூன்றாவது சண்டையிலேயே மரத்துப்போகும், அது படத்தின் பலவீனம். இன்னொரு பலவீனம், லியு காங், ஜானி கேஜ், சோன்யா ஆகியோரின் போட்டிக் கதையை நடுவில் நுழைத்தது. ஹான்சோவின் துயரம் வளரும்போதெல்லாம் படம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த ‘பேட்டில் ஆஃப் தி ரெல்ம்ஸ்’ அணிவகுப்பு நோயில் முழுவதுமாக விழுந்தது. 2022இன் ‘ஸ்னோ பிளைண்ட்’ கென்ஷி என்ற ஒருவனின் வீழ்ச்சியையும் மீட்சியையும் பற்றிக்கொண்டு ஓரளவு எழுந்தது.

மூன்றாவது போக்கில் 2011இன் ‘டெக்கன்: பிளட் வெஞ்சன்ஸ்’ குறிப்பிடத்தக்கது. முழுவதும் கணினி வரைகலை. ஷியாவோயூ, அலிசா என்ற இரண்டு பெண்களின் நட்பை மையமாக வைத்தது நல்ல எண்ணம். முதல் பாதி அதனால் இனிக்கிறது. முடிவில் ஹெய்ஹாச்சி, கசுயா, ஜின் மூவரும் மோதத் தொடங்கியதும் அந்தப் பெண்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். விளையாட்டில் புகழ் பெற்றவர்களுக்காகப் படத்தின் உண்மையான நாயகிகளை ஓரங்கட்டிய தவறு இது. விளையாட்டோடு சேர்த்து வட்டில் விற்கப்பட்ட படம் என்பதால், விளம்பரத்தின் நிழல் கடைசிவரை விலகவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1994இன் சுகி படமே இன்றும் முன்னால் நிற்கிறது. அதன் குறைகள் சிறியவை அல்ல, நானும் அவற்றை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் ஏன் இப்படி அடிக்கிறான் என்று யோசித்து வரையப்பட்ட படம் அது. பிறகு வந்தவற்றில் தொழில்நுட்பம் ஏறியது, அந்த யோசனை ஏறவில்லை. இதைப் படிக்கும் அனிமேஷன் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் படத்தை ஜப்பானிய மூல இசையோடு ஒரு முறை முழுவதும் பாருங்கள். பிறகு வேகா சண்டையை மட்டும் ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே பாருங்கள்.