குண்டு துளைக்காத கூரை

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெயர்களைத் தேடித்தான் போகிறார்கள். ராபர்ட் கிளைவ் 1753-ல் மார்கரெட் மாஸ்கெலினை மணந்தது இங்கே. பின்னாளில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் யாருடைய பெயரைச் சூடிக்கொண்டதோ, அந்த எலிஹூ யேல் 1680-ல் கேதரின் ஹின்மர்ஸைக் கைப்பிடித்ததும் இங்கேதான். ஆலயத்தின் முதல் திருமணமே அதுதான். வந்தவர் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார், சுவரிலுள்ள பளிங்குப் பலகைகளில் நாலைந்தைப் படிப்பார், ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அண்ணாந்து பார்க்காமல் திரும்பியவர் இந்த ஆலயத்தைப் பார்க்கவே இல்லை என்பது என் கட்சி. இங்கே முதலில் ரசிக்க வேண்டியது கூரை.

1678 மார்ச் 25 அன்று வேலையைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர். லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் அனுமதிக்குக் காத்திராமல், கோட்டைவாசிகளிடம் நன்கொடை திரட்டியே கட்டினார்கள். 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை. வரைபடம் போட்டவர் என்று கருதப்படும் எட்வர்ட் ஃபவுல் கோட்டையின் பீரங்கிப் படைத் தலைவர். அது கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். தேவாலயம் கட்டுகிறவனுக்கு உயரம்தான் கவலை. பீரங்கிக்காரனுக்கோ மேலிருந்து விழப்போகும் குண்டு. நடுக்கூடத்துக்கு ஒன்று, இரு பக்கக் கூடங்களுக்கு ஒவ்வொன்று என மூன்று நீண்ட செங்கல் வளைவுகள், ஒவ்வொன்றும் இரண்டடி கனம். வெளிச்சுவர்கள் நான்கடி, கூடங்களைப் பிரிக்கும் சுவர்கள் மூன்றடி. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு விட்டங்கள்தாம் தளத்தைத் தாங்கும். இங்கே கூரையில் ஒரு மரத்துண்டு கிடையாது. தீக்கும் கரையானுக்கும் வேலை இல்லை. நெமிலிச்சேரிப் பக்கம் வெளிவட்டச் சாலையை ஒட்டி எழும்பும் அடுக்ககங்களில் ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளத்தின் கீழ் குடியிருக்கும் நமக்கு இரண்டடி என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கனம் மட்டுமே அழகாகிவிடாது. அந்த எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று கண்ணால் தொடர்ந்து போகவேண்டும். வளைவு என்பது பாரத்தைக் கீழே இறக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். நடு வளைவின் தள்ளலுக்குப் பக்க வளைவுகள் எதிர்முட்டுக் கொடுக்கின்றன. மிஞ்சியதை நான்கடிச் சுவர் வாங்கிக்கொள்கிறது. கம்பியில்லை, சிமெண்டில்லை, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மட்டும். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே வீடுகள் பல சிதைந்தன. இந்த வளைவுகள் நின்றன.

இது வெறும் பொறியியல், இதில் ரசனைக்கு என்ன இருக்கிறது, அழகு வேண்டுமானால் கதீட்ரல் சாலைக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1816-ல் பிரதிஷ்டையான புனித ஜார்ஜ் பேராலயத்தின் தூண்களில் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கைத் தோற்கடிக்கும். சிப்பிச் சுண்ணாம்பை மாவாய் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் பளபளப்பு ஏறும்வரை தேய்த்த பழைய கொத்தனார்களின் கைவண்ணம் அது. அந்த வேலைக்கு ஈடாகக் கோட்டை ஆலயத்தில் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பேராலயத்தின் உருவம் லண்டன் செயிண்ட் மார்ட்டின் தேவாலயத்தைப் பார்த்துச் செய்தது. அந்த ஊர் முகப்புக்கு நம்மூர்ப் பூச்சு. கோட்டை ஆலயத்தில் இந்த மண்ணின் வெக்கையும் கரையானும் கடலோரக் கோட்டையின் அச்சமும் கட்டடத்தின் வடிவத்தையே தீர்மானித்திருக்கின்றன. இப்போது தெரியும் கூர்கோபுரம் 1790-களில் மாற்றிக் கட்டியது. என்னைக் கேட்டால், இந்தத் தடித்த உடலுக்கு அது கொஞ்சம் ஒட்டாத தொப்பிதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கம்பெனிக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட இடம், சுவரெல்லாம் அவர்கள் புகழ், இதை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? புகழ்ச் சிலைகளைக் கொண்டாடச் சொல்லவில்லை. ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸுக்குக் கம்பெனி வைத்த நினைவுச் சிற்பம் இங்கே இருக்கிறது. இளைய ஜான் பேக்கன் செதுக்கியது. மரணப் படுக்கையில் முதியவர், அருகே பிள்ளைகள். நேர்த்தியான வேலைதான். அதே பாதிரியாருக்குத் தஞ்சையில் சரபோஜி மன்னர் ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு வைத்த சிற்பமும் உண்டு. இரண்டும் கப்பலேறி வந்தவை. வேறு எந்தச் சுவரிலும் பொருந்தும். ஆலயத்திலுள்ள ஞானஸ்நானத் தொட்டியைப் பாருங்கள்: பல்லாவரத்துக் கருங்கல். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மகள்கள் மூவர் 1689-ல் ஞானஸ்நானம் பெற்றது இதே ஆலயத்தில். பின்னாளில் கல்கத்தாவில் சார்னாக்கின் கல்லறைக்கல்லும் பல்லாவரத்துப் பாறையே என்று கண்ட நிலவியலாளர் ஹாலண்ட், அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். நம்மூர்க் கல்லுக்கு அந்த ஆள் பெயர் வந்த கதை இது. கூரைக்குச் செங்கல் வைத்து வளைத்தவர்களோ உள்ளூர்க் கொத்தனார்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு பலகையிலும் அவர்கள் பெயர் இல்லை. கம்பெனியின் மீதுள்ள கோபத்தில் அவர்கள் வேலையையும் சேர்த்துப் புறக்கணித்தால் நஷ்டம் நமக்கே.

வெளியே முற்றத்தில் தரையாகப் பதித்திருக்கும் கல்லறைப் பலகைகளையும் அவசரமாக மிதித்துப் போகவேண்டாம். இன்று பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் இடத்திலிருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் பிரெஞ்சுப் படை பதுங்கிச் சுட்டதால், முற்றுகை முடிந்ததும் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். லத்தீனும் போர்ச்சுகீசும் கலந்து கிடக்கும் அவற்றில் 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் ஒன்று; ஆலயத்தைவிட வயதில் மூத்தது.

நெமிலிச்சேரியில் மின்ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் வளாகம். எதிரே பூங்கா நிலையத்திலிருந்து கடற்கரை வண்டியில் அடுத்த நிறுத்தமே கோட்டை. தலைமைச் செயலகம் அதே வளாகத்தில் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாடு இன்றும் நடக்கும் ஆலயம் இது. ஆராதனை நேரத்தில் கேமராவோடு நுழையாதீர்கள். உள்ளே போனதும் பலகைகளைப் படிக்க அவசரப்படாமல் நடுக்கூடத்து இருக்கையில் பத்து நிமிடம் உட்கார்ந்து மேலே பாருங்கள். கிளைவ் கல்யாணக் கதையை வீட்டுக்கு வந்து படித்துக்கொள்ளலாம்.