பூமிக்கடியில் ஓடும் ரயிலை எப்படி ரசிப்பது?

காடாம்புலியூர்க்காரர்களுக்கு மண்ணைத் தோண்டுவது புதிதல்ல. பக்கத்து நெய்வேலியில் பக்கெட் வீல் இயந்திரங்கள் மேல்மண்ணை வாரிக் கன்வேயரில் கொட்டுவதும், நிலக்கரிக்கு அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலே முட்டும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைப்பதும் அவர்கள் அறிந்த சங்கதிகள். அந்தக் கண்ணோடு சென்னை மெட்ரோவில் ஏறுகிறவருக்கு, தினமும் அதில் அலுவலகம் போய் வருபவருக்குத் தெரியாததும் தெரியும்.

நெய்வேலியில் நிலத்தையே திறந்துவிடலாம். அண்ணா சாலையைத் திறக்க முடியுமா? மேலே பேருந்துகள் ஓடவேண்டும், 1959-இல் எழுந்த எல்.ஐ.சி. கட்டடம் அசையாமல் நிற்கவேண்டும்.

அதனால்தான் சுரங்கம் தோண்டும் இயந்திரம். முன்னால் வெட்டுத்தலை சுழன்று மண்ணைக் குடையும்; பின்னாலேயே வளைந்த கான்கிரீட் துண்டுகளை வட்டமாகப் பூட்டிக்கொண்டே வருவார்கள். பூட்டிய வளையத்தை உதைத்துத்தான் இயந்திரம் அடுத்த அடி நகரும். ஓடும் ரயிலில் ஜன்னலோடு முகத்தை ஒட்டி, உள் வெளிச்சத்தைக் கையால் மறைத்துப் பார்த்தால், அந்தத் துண்டுகள் சேரும் கோடுகள் விர்ரென்று ஓடுவதைப் பிடிக்கலாம். ரசிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நிலையங்களின் கதை வேறு. முதலில் நான்கு பக்கமும் ஆழமான கான்கிரீட் சுவர், பிறகு நடுவிலுள்ள மண்ணை அள்ளுதல். 1984 அக்டோபர் 24-இல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடிய கொல்கத்தாவில் பாதையின் பெரும்பகுதியையே இப்படி மேலிருந்து வெட்டினார்கள். நகரம் ஆண்டுக்கணக்கில் பள்ளங்களோடு வாழ்ந்தது. 1863-இல் லண்டனில் ஓடிய உலகின் முதல் சுரங்க ரயிலும் மேலிருந்து வெட்டியதே. அதை இழுத்தது நீராவி எஞ்சின், புகையோடுதான் பயணம்.

சென்னை பொறுமையாக இறங்கியது. 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு–ஆலந்தூர் மேம்பாலப் பாதை, 2017 மே 14-இல் திருமங்கலம்–நேரு பூங்கா சுரங்கம். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை திறந்தபோது, சுமார் 45 கிலோமீட்டரில் 24 கிலோமீட்டர் மண்ணுக்கடியில்.

பண்ருட்டியில் ரயிலேறி எழும்பூரில் இறங்குபவர் அங்கேயே மெட்ரோ பிடித்து சென்ட்ரல் போகலாம். பிளாட்பாரக் கண்ணாடிக் கதவுகள் முன் நின்று ரயில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். ரயிலின் கதவு சுவரின் கதவுக்கு நேராக வந்து நிற்கும். ஓட்டுநர் இருக்கிறார், ஆனால் வேகத்தையும் நிற்கும் இடத்தையும் பார்த்துக்கொள்வது தானியங்கிக் கருவி. நிலையத்தின் குளிர்காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமல் காப்பதும் இந்தக் கதவுகளே.

சென்ட்ரலில் இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கின்றன. அங்கே விமான நிலையத் தடத்துக்கு மாறுங்கள். அரசினர் தோட்டம் வருவதற்குள் தலைக்கு மேலே கூவம் ஓடுகிறது! நெய்வேலி நீரை இறைத்துச் சமாளிக்கிறது. இங்கே வளையங்களின் இடுக்கிலுள்ள ரப்பர் பட்டைகள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. இந்தப் பயணத்தில் மிக அதிகம் வியக்கவேண்டிய இடம் இது. ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் பலரும் தவறவிடுகிறார்கள்.

சைதாப்பேட்டை தாண்டியதும் ரயில் மேலேறும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சுவரில் மோதித் திரும்பிய இரைச்சல் சட்டென்று அவிழ்ந்து, சின்னமலை வெயிலில் ஓசையே மாறிவிடும். இதே சுரங்கம் தோண்டும் வேலை இப்போது மாதவரம்–சிறுசேரி உள்ளிட்ட மூன்று புதிய தடங்களில் நடக்கிறது. சாலையோரத் தகரத் தடுப்புகளுக்கு அப்பால் கான்கிரீட் வளையத் துண்டுகளை ஏற்றிய லாரி கண்ணில் பட்டால், நின்று அந்த வளைவைப் பாருங்கள்.