கரும்பு கோணலானால் இனிப்பும் கோணலா?

மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காடு போய்வந்ததிலிருந்து, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவ்வளவு பிடித்துப்போய்விட்டது எனக்கு!

ஆருத்ரா தரிசனம் முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், ஒரு பாட்டி கரும்பு விற்றுக்கொண்டிருந்தார். நேரான கழிகளெல்லாம் விற்றுப்போயிருந்தன. மிச்சம் கிடந்தவை அத்தனையும் வில்லாக வளைந்தவை. நான் தயங்குவதைப் பாட்டி பார்த்துவிட்டார்.

"கரும்பு கோணலா இருந்தா இன்னா கண்ணு, இனிப்பு கோணிடுமா?"

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அதையே தெலுங்கிலும் கேட்டார்: "செறுகு வங்கரயிதே தீபி வங்கரா?" இந்த ஊர் இருக்கும் திருத்தணி வட்டாரம் 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் இரண்டு மொழியும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கன்னடத்திலும் இதே கேள்வி உண்டு. கரும்பு விளையும் மண்ணுக்கெல்லாம் பொதுவான ஞானம் இது!

"ஏன் பாட்டி இப்படி வளையுது?" என்றேன். காற்றிலும் மழையிலும் கரும்பு சாய்ந்துவிடுமாம். சாய்ந்தது அப்படியே படுத்துக் கிடக்காது. நுனி மறுபடி வானத்தைப் பார்த்து நிமிரும். அந்த இடத்தில்தான் வளைவு விழுகிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கோணல் என்று நாம் ஒதுக்குகிற இடம், விழுந்த கரும்பு எழுந்த இடம்!

திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இதே திருவாலங்காட்டில்தான் இருக்கிறது. ஆலைக்குப் போகும் கரும்புக்கு எடை உண்டு, சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்ற கணக்கு உண்டு. வளைவை அளக்க அங்கே தராசு எதற்கு?

இந்தப் பழமொழியில் என்னை அள்ளிக்கொண்டது அதன் நேர்மை. 'நீ கோணலே இல்லை' என்று பொய் சொல்லித் தேற்றுவதில்லை. கோணல்தான் என்று ஒப்புக்கொள்கிறது; 'சரி, கடித்துப் பார்த்தாயா?' என்று கேட்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டிலும், வேலைக்கு ஆள் எடுக்கும் அறையிலும், பிள்ளையின் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னாலும் நாம் கேட்க மறந்த கேள்வி!

கரும்பைக் கையில் பிடித்தபடி நிற்கும்போதுதான் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வந்தார். சற்று முன்தான் கோயிலின் இரத்தின சபையில், ஆடும் பெருமான் காலடியில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அழகி புனிதவதியாக இருந்து, தசையெல்லாம் உதிர்த்துப் பேய்வடிவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். விலா எலும்பு தெரியும் அந்த உருவத்தைத்தான் சிவபெருமான் 'அம்மையே' என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அம்மையார் தலையால் நடந்த மண் என்று, திருஞானசம்பந்தர் இந்த ஊரை மிதிக்கத் தயங்கி, பக்கத்துப் பழையனூரில் தங்கினாராம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கையில் தாளத்தோடு, எலும்பும் தோலுமாக, வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார் நம் அம்மை. அந்த மெலிந்த உடம்பிலிருந்து வந்த பாட்டுதான் மூத்த திருப்பதிகம். பாட்டி சொன்ன ஒற்றை வரிக்கு இதைவிட என்ன உரை வேண்டும்?

இருப்பதிலேயே அதிகம் வளைந்த கழியாகக் கேட்டு வாங்கினேன். பாட்டிக்கு ஒரே சிரிப்பு. மின்சார ரயிலில் அதை மடியில் கிடத்திக்கொள்ளவே முடியவில்லை. எப்படி வைத்தாலும் ஒரு முனை பக்கத்தில் இருப்பவரை இடித்தது. வீட்டுக்கு வந்து, தோலைச் சீவி, துண்டு போட்டு, அடியிலிருந்து நுனிவரை எல்லோருமாகக் கடித்துத் தின்றோம். அடிக்கரும்பு வழக்கம்போலக் கூடுதல் இனிப்பு. வளைவு எந்தத் துண்டில் வந்தது, எந்தத் துண்டில் போனது என்று ஒருவர் நாக்குக்கும் தெரியவில்லை.