உப்புத் தண்ணிக்கு எந்த ஹீட்டர்?

பழைய ஹீட்டரைக் கழற்றி பால்கனியில் கவிழ்த்ததும் உள்ளேயிருந்து ஒரு சொம்பு அளவுக்கு வெள்ளைத் தூள் கொட்டியது. காயில்மீது முட்டை ஓடு மாதிரி உப்பு படிந்து, நடுவில் வெடித்திருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய மெக்னீசியம் கம்பியைக் காணோம். அதன் நடுவில் ஓடும் ஒல்லியான இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. வாங்கி ஆறு வருடம். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை.

நாங்கள் கோவையில் நாலாவது மாடியில் இருக்கிறோம். குளியலறைக்கு வருவது போர்வெல் தண்ணீர். டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 900 காட்டுகிறது. குளியலறையில் கேஸ் கீசர் வைக்க அபார்ட்மெண்ட் சங்கம் விடுவதில்லை. அது சரியான முடிவு. காற்றோட்டமில்லாத சின்ன அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, ஆள் மயங்கி விழும்வரை தெரியாது. ஆக, கரண்ட் ஹீட்டர்தான்.

கடையில் முதலில் காட்டியது 3 லிட்டர் இன்ஸ்டன்ட். விலை குறைவு, இடம் அடைக்காது. ஆனால் அதன் 3 கிலோவாட் காயில், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரைச் சுமார் 14 டிகிரிதான் ஏற்றும். எங்கள் குழாயில் 24 டிகிரியில் வருவது 38 ஆகும். பக்கெட்டில் பிடித்துக் குளிக்கப் போதும். ஷவரைத் திறந்து 6 லிட்டர் ஓடவிட்டால் 31 டிகிரிதான். ஊட்டியில் மார்கழியில் இதை நம்பவே முடியாது.

அதனால் 15 லிட்டர், 2 கிலோவாட், உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள டேங்க் ஒன்றை வாங்கினேன். எட்டு மாதமாக ஓடுகிறது. 24 டிகிரித் தண்ணீர் 60-க்கு வர 20 நிமிடம் பிடித்தது. கிட்டத்தட்ட முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பதினைந்து லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 33 லிட்டர் கிடைக்கிறது. பக்கெட் குளியல் என்றால் இரண்டு பேருக்குத் தாராளம். நாலு பேர் அடுத்தடுத்து ஷவரில் நிற்கும் வீடென்றால் 25 லிட்டர் வாங்குங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு அணைத்துவிட்டு, காலை ஆறு மணிக்குத் திறந்து பார்த்தேன்: 55 டிகிரி. ஸ்டார் எண்ணிக்கை முக்கியமாகச் சொல்வது இப்படிச் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்பதைத்தான். நாள் முழுக்க ஸ்விட்சைப் போட்டே வைப்பவர்களுக்கு ஐந்து ஸ்டார் காசு மிச்சம் பிடிக்கும். குளிக்கப்போகுமுன் போட்டு, குளித்ததும் அணைப்பவர்களுக்கு வித்தியாசம் சொற்பம். அந்தப் பணத்தை நான் டேங்குக்கும் கம்பிக்கும் கொடுப்பேன். வெப்பநிலை காட்டும் டிஜிட்டல் திரைக்குக் கொடுக்கவே மாட்டேன்.

உப்புத் தண்ணி உள்ள வீட்டில் ஹீட்டரின் ஆயுள் அந்த மெக்னீசியம் கம்பியில்தான் இருக்கிறது. இரும்பை முந்திக்கொண்டு மெக்னீசியம் அரிக்கும். அது இருக்கிறவரை டேங்க் பிழைக்கும், தீர்ந்த அன்றிலிருந்து டேங்க் அரிபடும். எட்டாம் மாதம் இதைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனில் இருந்தது சுண்டுவிரல் அளவுக்கு வந்திருந்தது, மேலெல்லாம் குழி குழியாக. இன்னொரு வருடம் தாங்காது. தண்ணீர் சூடேறச் சூடேற உப்பும் அதிகமாகப் படியும் என்பதால் இப்போது தெர்மோஸ்டாட்டை 55-க்கு மேல் வைப்பதில்லை. வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த மாடலுக்குக் கம்பி தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் அதை மாற்ற ஆள் இருக்கிறாரா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு மாடல் பாருங்கள். வாரண்டி அட்டையில் உப்புப் படிவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள்.

பொருத்தும்போது விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. 16 ஆம்பியர் பவர் பிளக், சரியான எர்த், போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. ஈரக் கையோடு நிற்கும் இடம் அது. தண்ணீர் சூடாகும்போது பிரஷர் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வரும். 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது 200 மில்லி அளவுக்கு விரியும், அது வெளியேற வழி வேண்டும். லீக் என்று நினைத்து அந்த வாயை அடைத்துவிடாதீர்கள். டேங்க் வெடிப்பதைத் தடுப்பது அந்த ஓட்டைதான்.

இன்னொன்று. கம்பி கீழ்ப்பக்கமாகத்தான் வெளியே வரும். எங்கள் பழைய ஹீட்டரை வாஷிங் மெஷினுக்கு நேர் மேலே, கை நுழையாத இடத்தில் மாட்டியிருந்தார்கள். இந்த முறை பிளம்பரை நிறுத்தி, டேங்குக்கு அடியில் ஒன்றரை அடி காலியாக விட்டுத்தான் ஆணி அடிக்க விட்டேன்.