161 சென்டிமீட்டருக்கு ஒரு சைக்கிள்

குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் கற்றவள் நான். தெருமுனைக் கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரியவர்கள் சைக்கிள். பாருக்கு அடியில் காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிக்க வேண்டும். வளர்ந்த பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தேனே தவிர, சைக்கிள் என்னைவிடப் பெரிது என்பது மாறவில்லை. கலிபோர்னியாவுக்கு வேலைக்கு வந்து, சான் ஹோசேயில் பெரிய கம்பெனி ஒன்றின் கார்பன் சைக்கிளை ஆசை ஆசையாக வாங்கியபோதும் அதே கதைதான். என் உயரம் 161 சென்டிமீட்டர். அவர்களிடம் இருந்ததிலேயே சின்ன அளவு அது.

ஆறு வருடம் அதை ஓட்டினேன். முப்பது கிலோமீட்டர் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். செங்குத்தான மேட்டில் மெதுவாக ஏறும்போது ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் சரியும். எல்லாவற்றையும்விட மோசம், குறுகிய வளைவில் திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். என் ஓட்டத்தில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தவர், இப்போது நான் ஓட்டும் சைக்கிளின் ஃபிரேமைச் செய்தவர். சான்டா குரூஸ் பக்கம் கடலோரத்தில் பட்டறை. அவரும் ஓர் உதவியாளரும்தான். அடுத்த வருடத்துக்கான வரிசை நிரம்பிவிட்டதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

முதல் நாள் போனபோது டேப்பை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எங்கே வலிக்கிறது?” சொன்னேன். அப்புறம் என் ஷூவைக் கழற்றச் சொல்லி, கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நுனியில் டயர் ரப்பர் தேய்த்த கறுப்புக் கீற்று இருந்தது. ஆறு வருடமாக என் காலில் கிடந்த தடயம். நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அளவெடுப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கவட்டை உயரம், தொடை, கை, தோள் அகலம், இடுப்பு எவ்வளவு வளைகிறது என்று இரண்டரை மணி நேரம்.

குட்டையானவர்களின் சைக்கிளில் என்ன தவறு நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இந்த விமர்சனத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கார்பன் ஃபிரேம்களில் பெரும்பாலானவை தைவானிலும் சீனாவிலும் உலோக அச்சுகளில் வார்க்கப்படுபவை. ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். அச்சு விலை அதிகம். அதனால் ஆறேழு அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் அப்படித்தான், எல்லா அளவுக்கும் பல சமயம் ஒரே ஃபோர்க். சக்கரமோ எல்லோருக்கும் ஒன்றே. ஃபிரேம் சுருங்கச் சுருங்கச் சக்கரம் கால் பக்கம் நெருங்கி வரும். அதைத் தள்ளிவைக்க ஹேண்டில்பாரைத் தாங்கும் ஹெட் டியூபைச் சாய்த்துவிடுகிறார்கள். என் பழைய சைக்கிளில் அந்தக் கோணம் 71 டிகிரி, ஃபோர்க்கின் முன்நீட்டல் 43 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் டிரெயில் ஏறக்குறைய 71 மில்லிமீட்டர் வருகிறது. ஹேண்டில்பாரின் அச்சு நீண்டு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் டிரெயில். சாதாரண அளவு ரோடு சைக்கிளில் இது 58 பக்கம் இருக்கும். 71 என்றால் மெதுவாக ஏறும்போது சக்கரம் சரியத்தான் செய்யும். கூடவே சீட்டைத் தாங்கும் சீட் டியூபை 75 டிகிரிக்கு நிமிர்த்தியிருந்தார்கள். அது என் உடம்பை முன்னால் தள்ளி, பாரத்தைக் கையில் இறக்கியது. மரத்துப்போன உள்ளங்கைக்கு விடை அங்கே இருந்தது.

புது ஃபிரேமில் ஹெட் டியூப் கோணம் 72, ஃபோர்க் நீட்டல் 50. டிரெயில் 58-க்கு வந்துவிட்டது. சீட் டியூப் 73.5. ஃபிரேமின் நீளத்தை 8 மில்லிமீட்டர் கூட்டி, ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை அதே அளவு குறைத்தார். முன்சக்கரம் அவ்வளவு தள்ளிப்போனது. பெடலைத் தாங்கும் கிராங்க் 170 மில்லிமீட்டர் போய் 165 வந்தது. எல்லாம் சுண்டுவிரல் அகலத்துக்கும் குறைவான மாற்றங்கள். ஷூ இப்போது இடிப்பதில்லை.

அச்சில்லாமல் கார்பனை எப்படிச் செய்கிறார்கள்? ஒரு நாள் கூடவே இருந்து பார்த்தேன். கார்பன் இழை ஒன்று 5 முதல் 7 மைக்ரான் பருமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த நாடாவில் எபாக்ஸி பிசினை ஏற்றி, உருளையில் சுற்றி, சூட்டில் இறுக்கியதுதான் குழாய். இழை எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் பலம். நீளவாக்கில் ஓடும் அடுக்கு வளைவைத் தாங்கும். 45 டிகிரியில் ஓடும் அடுக்கு முறுக்கைத் தாங்கும். என் எடை 58 கிலோ. கம்பெனி ஃபிரேமோ நூறு கிலோவைத் தாண்டியவரையும் சுமக்க வேண்டியது. இவர் மேல் குழாயிலும் பின்பக்கத்து மெல்லிய குழாய்களிலும் அடுக்கைக் குறைத்தார். பெடலின் விசை இறங்கும் கீழ்க் குழாயில் கைவைக்கவில்லை.

குழாய் முனையை இன்னொரு குழாயின் உருண்டையில் இடைவெளி தெரியாமல் உட்காரும்படி சீவி, பசையிட்டு ஒட்டுகிறார். பின்பு மூட்டின் மேல் கார்பன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போர்த்துகிறார். ஒரு மூட்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள், அளவிலும் திசையிலும் ஒன்றுபோல் ஒன்றில்லை. எந்தத் துண்டு எந்த வரிசையில் வர வேண்டும் என்று சுவரில் கையால் வரைந்த படம் ஒட்டியிருந்தது. விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே வந்தார். காற்றுக் குமிழ் சிக்கினால் அந்த இடம் பலமிழந்துவிடும். ஒரு துண்டின் ஓரம் லேசாக மடிந்தது. நான் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்: அதற்காக அடியில் போட்ட நான்கு துண்டுகளையும் உரித்து எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். எல்லாம் முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் மூடி, காற்றை உறிஞ்சி இறுக்கி, அடுப்பில் வைத்தார்.

இந்தக் கைவேலைக்கு இதே கடற்கரையில் வேர் இருக்கிறது. அச்சில் வார்த்த முழுக் கார்பன் ஃபிரேமை 1986-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது கலிபோர்னியாவின் கெஸ்ட்ரல். அடுத்த ஆண்டே, கார்பன் படகுகள் செய்துகொண்டிருந்த கிரெய்க் கால்ஃபி தனக்கென்று ஒரு கார்பன் சைக்கிள் செய்தார். பிறகு கலிபோர்னியாவுக்கு வந்து பட்டறை போட்டார். 1991 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வீரர் கிரெக் லெமாண்டும் அவருடைய அணியும் ஓட்டியது கால்ஃபி செய்த ஃபிரேம்களை. சின்னப் பட்டறை சொன்னதைப் பெரிய கம்பெனி கேட்டுக்கொண்டதும் உண்டு. கிராங்க் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டை அழுத்திச் செருகும் வழக்கம் பரவி, சைக்கிள்கள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2015-ல் ஆரிகனின் ஆர்கனாட் பட்டறையும் கிறிஸ் கிங் கம்பெனியும் சேர்ந்து மரை போட்டுத் திருகும் டி47 என்ற அளவை உருவாக்கின. பின்னாளில் டிரெக் போன்ற பெரிய கம்பெனியே அந்த வழிக்கு வந்தது. என் ஃபிரேமிலும் அதுதான். இரண்டு வருடத்தில் ஒரு சத்தம்கூட வந்ததில்லை.

ஓட்டம் எப்படி? மவுண்ட் ஹாமில்டனை வைத்துச் சொல்கிறேன். உச்சியில், 1,283 மீட்டர் உயரத்தில், லிக் வானாய்வகம் இருக்கும் மலை. அந்தச் சாலையை 1876-ல் போட்டார்கள். தொலைநோக்கிப் பாகங்களைக் குதிரை வண்டிகள் இழுத்துப் போக வேண்டும் என்பதற்காகச் சரிவை மிதமாக வைத்து, வளைத்து வளைத்துப் போட்ட சாலை. முப்பது கிலோமீட்டர் ஏற்றம். பழைய சைக்கிளில் பாதி வழியில் இறங்கிக் கையை உதறுவேன். புதியதில் முதல் தடவை போனபோது உச்சிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும்போதுதான், இன்று கையை உதறவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஏற்றத்தைவிட இறக்கத்தில் வித்தியாசம் அதிகம். முன்பு வளைவில் சைக்கிளைத் திருப்ப வேண்டியிருந்தது. இப்போது பார்வை போகிற பக்கம் அது போகிறது. ஓல்டு லா ஹோண்டா சாலையின் 7 சதவீத ஏற்றத்தில், ரெட்வுட் மரங்களுக்கு நடுவே நடை வேகத்தில் ஏறும்போதும் முன்சக்கரம் நேர்க்கோடு பிடிக்கிறது. சரளை பாவிய கரடுமுரடுச் சாலையின் அதிர்வு குறைந்திருக்கிறது. அந்தப் புண்ணியத்தில் பாதியைத்தான் ஃபிரேமுக்குக் கொடுப்பேன். மறுபாதி 30 மில்லிமீட்டர் டயருக்கும் அதில் நான் வைக்கும் 55 பிஎஸ்ஐ காற்றுக்கும் உரியது. மெல்லிய ஃபிரேம்தான் எல்லாச் சுகத்தையும் தருகிறது என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். முதலில் டயரை மாற்றிப் பாருங்கள்.

எடை: ஃபிரேம் மட்டும் 1,050 கிராம், பெடலோடு முழுச் சைக்கிள் 7.6 கிலோ. கடையில் இதைவிட இலேசானது கிடைக்கும். எனக்கு அது பொருட்டில்லை.

எட்டாவது மாதம் வயிற்றைக் கலக்கிய ஒன்று நடந்தது. காப்பிக் கடை வாசலில் சாய்த்து வைத்திருந்தேன். காற்றில் சரிந்து, மேல் குழாய் இரும்புக் கைப்பிடியில் விழுந்தது. பெயிண்ட்டில் நகக்கீறல் போல ஒரு கோடு, அவ்வளவுதான். கார்பன் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்பது சைக்கிள்காரர்கள் பலரும் சொல்லும் பேச்சு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக் என்று கணீரென்று வந்த சத்தம், கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் தொப்பென்று அமுங்கியது. இரண்டு விரல் தள்ளி மறுபடி டிக். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடம் எவ்வளவு என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிது. அந்த இடத்தைச் சரிவாகத் தேய்த்து ஒவ்வோர் அடுக்கையும் படிக்கட்டுபோல வெளிக்கொண்டுவந்து, அதே திசையில் புது அடுக்குகளைப் போட்டு, பழையபடி வெற்றிடத்தில் இறுக்கிச் சூடாக்கினார். 400 டாலர், மூன்று வாரம். கூடிய எடை 20 கிராமுக்குள். அதற்கப்புறம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது.

கால்ஃபி பட்டறை 2001 முதலே மற்றக் கம்பெனிகளின் கார்பன் ஃபிரேம்களையும் பழுது பார்த்துத் தருகிறது. கார்பன் உடைந்தால் குப்பை என்று கடையில் யாராவது சொன்னால், புதிதாக ஒன்றை எடுப்பதற்கு முன் நல்ல பழுதுக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். ஹேண்டில்பார், ஃபோர்க் இரண்டில் மட்டும் சமரசம் வேண்டாம். அடிபட்டால் மாற்றிவிடுங்கள், அவை ஓட்டத்தில் உடைந்தால் முகம் தரையில் மோதும்.

குறைகளும் இருக்கின்றன. ஏழு மாதம் என்று சொல்லி ஒன்பது மாதம் ஆக்கினார். தண்ணீர் பாட்டில் மாட்டும் மரை ஒன்று இரண்டாம் மாதமே தளர்ந்து ஆடியது. காசு வாங்காமல் சரிசெய்தார் என்றாலும், புது ஃபிரேமில் வந்திருக்கக் கூடாது. செய்து முடிக்கும்வரை ஓட்டிப் பார்க்க வழியில்லை. எதிர்காற்றை வெட்டும் வேகம் வேண்டுமென்றால், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த கம்பெனி சைக்கிளோடு இது போட்டி போட முடியாது. உங்கள் உடம்புக்கென்று செய்ததை விற்கப் போனால் நல்ல விலைக்கு எடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். சின்னப் பட்டறை நாளைக்கும் இருக்குமா என்ற கவலையும் நியாயமானது. மாசசூசெட்ஸில் பாப் பார்லி தொடங்கி, இந்தத் தொழிலில் பெரிய மரியாதை பெற்ற பார்லி கம்பெனியே 2023-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரேமும் ஃபோர்க்கும் 6,200 டாலர், மற்றப் பாகங்களோடு 9,800. நான்கு வருடம் சேர்த்த பணம். கம்பெனிகளின் உச்ச மாடல்கள் இதைத் தாண்டிப் போகின்றன என்பது உண்மைதான். அதற்காக இது மலிவு என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் உயரம் 170-லிருந்து 180-க்குள் இருந்து, கடையில் ஏறி உட்கார்ந்த சைக்கிளே சுகமாக இருந்தால், இதை வாங்காதீர்கள்; அந்தப் பணத்தில் நல்ல சக்கரமும் நாலு பயணமும் கிடைக்கும். அந்த வரம்புக்குக் கீழேயோ மேலேயோ இருப்பவர்களுக்கும், வலியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சைக்கிளில் உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பெடல்கள் தரைக்கு இணையாக இருக்கும்படி காலை வையுங்கள். ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். ஷூ டயரில் பட்டால், உங்கள் ஓட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். சைக்கிளின் அளவுதான் தவறு.