காலுக்கு முன் வயிறு

2005 ஏப்ரல் 17, லண்டன் மாரத்தான். பெண்கள் பிரிவில் அப்போதைய உலக சாதனையாளர் பவுலா ராட்கிளிஃப் தன்னந்தனியாக முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். முடிவுக்கோட்டுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால், வயிறு வெகுநேரமாகப் பிசைகிறது, வேகமும் குறைகிறது. சட்டென்று சாலையோரத் தடுப்பை ஒட்டிக் குந்துகிறார். கூட்டமும் தொலைக்காட்சி கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, சில விநாடிகளில் காரியத்தை முடித்துக்கொண்டு எழுந்து ஓடுகிறார். 2 மணி 17 நிமிடம் 42 விநாடியில் முதலிடம். இரண்டாவதாக வந்தவர் 5 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

இந்தக் காட்சியைச் சிரிப்புக்காகப் பகிர்கிறவர்கள் இன்றும் உண்டு. என் கணக்கில் அது அந்தப் பந்தயத்தின் மிகச் சரியான முடிவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நேரம் கசியும். நின்றால் ஒரே ஒரு தடவைதான் நட்டம்.

நம் ஊர் ஓட்டக் குழுக்களில் முட்டி வலியை மணிக்கணக்கில் பேசுவோம். குதிகால் வலிக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்வோம். ‘நேற்று மூன்றாவது கிலோமீட்டரில் வயிறு கலக்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன்’ என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. புதிதாக ஓட வந்தவர், தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, பத்து நாளில் ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறார். உண்மையில் இது ஓட்டத்தோடு கூடவே வரும் தொல்லை. உலக சாதனையாளரையும் விடாத தொல்லை.

காரணம் எளிது. ஒரே குழாயில் மூன்று வீட்டுக்குத் தண்ணீர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது காலின் தசைகள் ரத்தத்தை இழுக்கின்றன. சூட்டைத் தணிக்கத் தோலும் இழுக்கிறது. முன்வீடு இரண்டும் மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அந்தக் கடைசி வீடு வயிறு. கடுமையாக ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம், ஓய்வில் இருக்கும் அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். செரிமானம் தடுமாறும், குமட்டும், பிடிக்கும், கலக்கும். போதாததற்கு ஒவ்வொரு அடிக்கும் குடல் குலுங்குகிறது. சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்த அடிவயிற்றுக் கலக்கம் அவ்வளவாக வராததற்கு அந்தக் குலுக்கல் இல்லாததும் ஒரு காரணம். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் தோலின் பங்கு இன்னும் கூடும்; உடம்பில் நீர் குறையக் குறைய வயிற்றின் பங்கு மேலும் சுருங்கும்.

இங்கேதான் புதியவர் செய்யும் முதல் தவறு புரியும். அவர் சாப்பாட்டைக் குற்றம் சொல்வார். பெரும்பாலும் குற்றவாளி வேகம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்பது பழகியவருக்கு உலாப் போவது மாதிரி. முதல் மாதத்தில் இருப்பவருக்கு அதுவே பந்தய வேகம். மூச்சு வாங்குகிற அளவு ஓடினால் குழாய்த் தண்ணீர் முழுக்கக் கால்களுக்குத்தான். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால், இட்லியைத் திட்டாமல் நடங்கள். நடந்து ஓடி, நடந்து ஓடிப் போனாலே பாதிப் பேருக்கு வயிறு வழிக்கு வந்துவிடும்.

வேகம் சரியான பிறகு தட்டைப் பார்க்கலாம். சுண்டல், கீரை, பயறு, கூட்டு எல்லாம் நல்ல உணவுதான். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு மட்டும் அவற்றுக்கு விடுப்பு கொடுங்கள். நார்ச்சத்தும் பருப்பும் குடலில் வாயுவையும் வேலையையும் கூட்டும். கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி பிரியாணியும், நெய் மிதக்கும் பொங்கலும் ஞாயிறு காலை உங்களோடு சேர்ந்து ஓட வரும். இரண்டு மணி நேரம் முன்னால் எழ முடிந்தால் இரண்டு இட்லி, சாம்பார் இல்லாமல். ஐந்து மணிக்கே ஓட வேண்டுமென்றால் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் தண்ணீரும் போதும். ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை.

காபி விஷயத்தில் சண்டை வேண்டாம். காபி குடலை எழுப்பிவிடும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த உண்மை. அதை நமக்குச் சாதகமாக்குவதுதான் கெட்டிக்காரத்தனம். ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு குடித்துவிட்டு, காலைக்கடனை முடித்துக் கிளம்புங்கள். வாசலில் ஷூ கயிறு கட்டும்போது குடித்தால், அது இரண்டாவது கிலோமீட்டரில் கதவைத் தட்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர் கறுப்புக் காபிக்கு மாறிப் பார்க்கலாம். முதல் சில வாரங்களுக்கு நேராகப் போய்த் திரும்பும் பாதை வேண்டாம்; வீட்டையோ கழிப்பறையையோ சுற்றிவரும் 2 கிலோமீட்டர் வட்டம் நல்லது. நம் சாலைகளில் அதிகாலையில் திறந்திருக்கும் கழிப்பறை அபூர்வம். பெண்களுக்கு அது இன்னும் பெரிய தடை. பக்கத்தில் இடம் இருக்கிறது என்ற நிம்மதியே பாதிக் கலக்கத்தை அடக்கும். பயமும் குடலைக் கலக்கும் என்பது பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரியும்.

தூரம் கூடும்போது அடுத்த சிக்கல் வரும்: ஓடிக்கொண்டே விழுங்கும் சர்க்கரைக் கூழான ஜெல். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடுபவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உதவும்; ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20, 25 கிராம் இருக்கும். அதைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால், கெட்டியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும். பேதிக்கு அழைப்பு வைத்த மாதிரிதான். ஜெல்லோடு தண்ணீர் குடியுங்கள். அதே வாயில் இனிப்பு பானமும் வேண்டாம். இதை எல்லாம் பந்தய நாளில் முதல்முறை சோதிக்கக் கூடாது. காலைப் போலவே குடலும் பழகும். ஞாயிறு நீண்ட ஓட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வந்தால், ஓடிக்கொண்டே சர்க்கரையை உறிஞ்ச அது சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். கடையில் புதிதாக வாங்கிய ஜெல்லைப் பந்தயத்தின் 15-வது கிலோமீட்டரில் பிரிப்பவர், புது ஷூவோடு மாரத்தானுக்கு வந்தவர் மாதிரி.

ராட்கிளிஃபின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. லண்டனுக்கு எட்டு மாதம் முன்பு, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். மாலை 6 மணிக்குத் தொடங்கிய பந்தயத்தில் வெயில் கொளுத்தியது. தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், சுமார் 36 கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்து அழுதார். கால் காயத்துக்கு எடுத்த வீக்கத்தணிப்பு மாத்திரைகள் தன் வயிற்றைக் கெடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரைப்பை, குடல் சுவரின் பாதுகாப்பைக் குறைக்கும். ரத்தம் குறைந்த குடலுக்கு அது இரட்டை அடி. பந்தயத்துக்கு முன் ‘எதற்கும் ஒன்று போட்டுக்கொள்’ என்று நீட்டும் நண்பரிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

வயிறு கெட்டும் நிற்காதவர்களும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கின் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில், உலக சாதனையாளரான பிரான்சின் யோஹான் டினிஸ் வயிறு கெட்டு, தள்ளாடி விழுந்து, எழுந்து, 8-வதாக முடித்தார். அடுத்த ஆண்டு, 39 வயதில், உலக சாம்பியன் ஆனார். கைதட்டலாம், காப்பியடிக்கக் கூடாது. தலை சுற்றினால், வாந்தி நிற்காவிட்டால், நமக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது. மலத்தில் ரத்தம், தார் போல் கறுத்த மலம், தூக்கத்தைக் கலைக்கும் பேதி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றை ஓட்டத்தின் மேல் போட்டுத் தள்ளிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி, ஒரு சின்ன நோட்டு போதும். நேற்று இரவு என்ன சாப்பிட்டேன், காபி எப்போது, எந்த வேகம், எத்தனையாவது கிலோமீட்டரில் கலக்கியது என நாலு வரி. ஒரு மாதத்தில் உங்கள் வயிற்றின் குணம் உங்களுக்கே பிடிபடும்.

ராட்கிளிஃபின் அந்த 2:17:42, ஆண் ஓட்டக்காரர்கள் துணையில்லாத பெண்கள் பந்தயத்தின் சாதனையாக 12 ஆண்டுகள் நின்றது. 2017-இல் அதே லண்டனில் மேரி கெய்டனி முறியடித்தார். ராட்கிளிஃப் குந்தியிருந்தபோது கடிகாரம் நிற்கவில்லை. அந்தச் சில விநாடிகளும் சாதனைக்குள்தான் இருக்கின்றன.