ஆளைத் தெரியும், காற்றைப் பூட்டவில்லை

சென்னை சென்ட்ரல் நடைமேடையில் இலவச வைஃபையைத் தொட்டால், ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல்லின் 'ரயில்வயர்' பக்கம் விரியும். செல்போன் எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை இட்டால் அரை மணி நேரம் இலவசம். கொழும்பில் கோப்பிக் கடைக்குள் நுழைந்தால் இத்தனை சடங்கு கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிய தாளிலோ பில்லின் அடியிலோ கடவுச்சொல் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் பரிமாறுபவரே சொல்லிவிடுவார்.

இந்தியாவின் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு குற்ற வழக்கு இருக்கிறது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அடுத்த பிப்ரவரியிலேயே தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது: பொது இடத்தில் வைஃபை தருபவர், பயன்படுத்துகிறவரின் அடையாள அட்டை நகலையோ குறுஞ்செய்தியால் உறுதிசெய்த செல்போன் எண்ணையோ ஓராண்டு வைத்திருக்க வேண்டும். 2016 ஜனவரியில் கூகுளும் ரயில்டெல்லும் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய சேவை, 2018-க்குள் 400 நிலையங்களைத் தொட்டது. டேட்டா மலிந்துவிட்டதைக் காரணம் சொல்லி 2020-இல் கூகுள் விலகியது. ரயில்டெல் விடவில்லை, இன்று 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இந்தச் சேவை இருக்கிறது.

இலங்கையிலும் அரசு முயன்று பார்த்தது. 2015 மார்ச்சில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், கொழும்பு கோட்டை ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் இலவச வைஃபையைத் தொடங்கியது. ஒருவருக்கு மாதம் 100 மெகாபைட். இரண்டு வீடியோ பார்த்தால் தீர்ந்துபோகிற அளவு அது. மக்கள் கைத்தொலைபேசி டேட்டாவிலேயே நின்றுவிட்டார்கள். இன்று அங்கே பொது வைஃபை என்றால் பெரும்பாலும் ஹோட்டல், விருந்தினர் விடுதி, கோப்பிக் கடைதான்.

இரண்டில் எது பாதுகாப்பானது? ஓடிபி கேட்கிறதே, இந்திய முறைதான் என்று தோன்றும். ஆனால் ஓடிபி பயணியைக் காப்பதில்லை. நாளை போலீஸ் கேட்டால் யார் என்று சொல்வதற்கான ஏற்பாடு அது. ஓடிபி இட்ட பிறகும் செல்போனுக்கும் வைஃபை கருவிக்கும் நடுவே காற்றில் போகும் தகவல் பெரும்பாலும் மறையாக்கம் இல்லாமல்தான் போகிறது. வங்கித் தளமும் வாட்ஸ்அப்பும் தாமாகவே மறையாக்கம் செய்வதால் உள்ளடக்கம் தப்பிக்கிறது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியலாம். இதைவிட மோசம், அதே பெயரில் இன்னொருவர் மடிக்கணினியிலிருந்து போலி வைஃபை விரிப்பது. எண்ணும் ஓடிபியும் கேட்கும் பக்கத்துக்குப் பழகிய கை, போலிப் பக்கத்திலும் தயங்காமல் தட்டும்.

கொழும்புக் கடையின் கடவுச்சொல் காற்றைப் பூட்டத்தான் செய்கிறது. ஆனால் தெருவுக்கே ஒரு சாவி. பழைய டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் நீங்கள் இணையும் தருணத்தைப் பதிவுசெய்துகொண்டால் உங்கள் தகவலைப் பிரித்துவிட முடியும். அந்தக் கடவுச்சொல்லோ சுவரில் ஒட்டியிருக்கிறது.

இந்தக் குறைகளுக்கு ஒரு கவசம், தகவலை மறையாக்கி அனுப்பும் விபிஎன். அதிலும் இரு நாடுகளின் பாதை வேறு. கண்டி வன்முறையை அடுத்து 2018 மார்ச்சிலும், ஈஸ்டர் தாக்குதலை அடுத்து 2019 ஏப்ரலிலும் இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது, சாதாரண மக்களும் விபிஎன் போடக் கற்றுக்கொண்டார்கள். தடையைத் தாண்டத்தான் கற்றார்களே தவிர, வைஃபை பயத்தால் அல்ல. இந்தியாவிலோ 2022 ஏப்ரலில், வாடிக்கையாளர் விவரத்தை விபிஎன் நிறுவனங்கள் ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் உள்ளிட்ட சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஓரிடத்தில் அரசின் தடையே கவசத்தைப் பழக்கியது. இன்னோரிடத்தில் அரசின் விதியே அதைத் தள்ளி வைத்தது.

இந்தியாவில் கேட்கப்படுவது 'நீ யார்?' என்பது, கொழும்பில் கடவுச்சொல் மட்டும்தான். 'நான் இணைவது யாருடன்?' என்று பயனர் கேட்க இரண்டு இடத்திலும் வழியில்லை. இதற்குப் பாதி விடை இந்தியாவிடமே இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைக்காரரும் உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். சேவை நடத்துவோரின் விவரம், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் பராமரிக்கும் மையப் பதிவேட்டில் இருக்கும். பயனர் அதற்கான செயலி மூலம் ஹாட்ஸ்பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். இலங்கைக்கு இப்படி ஒரு பதிவேடு உதவும். இந்தியா கொழும்பிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, காற்றைப் பூட்டும் பழக்கம்.

இரண்டையும் சேர்க்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3, கடவுச்சொல் பொதுவாக இருந்தாலும் ஒவ்வொருவர் தகவலையும் தனித்தனியே பூட்டும். அதே ஆண்டு வந்த 'என்ஹான்ஸ்டு ஓப்பன்' கடவுச்சொல்லே இல்லாத வைஃபையையும் மறையாக்கம் செய்யும். புதிய ரூட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. அதை இயக்கித் தர வேண்டும் என்று அடுத்த டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டியது அரசின் வேலை. அதுவரை பணம் அனுப்புவதைச் சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்வதும், தானாக இணையும் வசதியை அணைத்துவைப்பதும் நம் வேலை.